சிக்குன்குனியா வந்து எட்டு மாதம் ஆகியும் அம்மாவின் மூட்டு வலி நிற்காதது ஏன்?

கேள்வி: பூக்கட்டும் வீட்டுப் பெண்

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் மதுரைக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறோம். சென்ற ஐப்பசி மழையின்போது எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒருவர் இருவராகக் காய்ச்சலில் படுத்தார்கள். எங்கள் வீட்டில் முதலில் அப்பாவுக்கும், மூன்று நாள் கழித்து அம்மாவுக்கும் வந்தது. இரத்தப் பரிசோதனையில் இருவருக்குமே சிக்குன்குனியா என்று உறுதியானது. அப்பா பத்தாம் நாள் எழுந்து வயலுக்குப் போய்விட்டார். அம்மாவுக்குக் காய்ச்சல் நான்கே நாளில் இறங்கியது. ஆனால் மூட்டு வலி இன்றுவரை போகவில்லை.

அம்மாவுக்கு வயது 56. முப்பது வருடமாகப் பூக்கட்டிப் பிழைப்பவர். மல்லிகையை இரண்டிரண்டாக எதிரெதிரே வைத்து, நாரைச் சுற்றி, கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் முடிச்சை இழுத்து இறுக்குகிற வேலை அது. இப்போது காலை நான்கு மணிக்கு எழுந்தால் ஆறு மணி வரை அவருடைய விரல்கள் மடங்குவதில்லை. தண்ணீர்ச் சொம்பைத் தூக்க இரண்டு கையும் தேவைப்படுகிறது. மணிக்கட்டு வீங்கிய நாளில் வளையல்களைச் சோப்பு போட்டுக் கழற்றினோம். அவை இன்னும் அலமாரியில்தான் கிடக்கின்றன. மூக்கின் மேல் படர்ந்த கருமை இப்போதுதான் கொஞ்சம் வெளுத்திருக்கிறது.

நாங்கள் காட்டிய மருத்துவர் ஒருவர், காய்ச்சல் போய்விட்டது, இனிமேல் மனதைத்தான் திடமாக வைத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டார். அதைக் கேட்ட உறவினர்கள், அம்மா வேலைக்குச் சுணங்குகிறார் என்று பேசத் தொடங்கிவிட்டார்கள். அம்மா அன்று இரவு அழுதார். நாற்பது முழம் கட்டியவர் பத்து முழத்துக்கே கையை உதறுகிறார் என்பதை நான் தினமும் பார்க்கிறேன். ஒரே வீடு, ஒரே கொசு, ஒரே காய்ச்சல் என்றிருக்க, அப்பாவுக்கு முழுவதும் குணமாகி அம்மாவுக்கு மட்டும் ஏன் இப்படி நீடிக்கிறது? வைரஸ் இன்னும் உடம்பில் இருக்கிறதா? விவரம் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பதில் 1: பொதுநல மருத்துவர்

தங்கைக்கு வணக்கம். தங்கள் தாயாருக்கு வந்திருப்பது மனக்கோளாறு அன்று. சிக்குன்குனியாவுக்குப் பின் சிலருக்கு நீடிக்கும் மூட்டு அழற்சி. இதை இத்தனை அழுத்தமாகச் சொல்வதற்குக் காரணம், கடந்த இருபது ஆண்டுகளில் என்னிடம் இதே வலியோடு வந்த பெண்களில் பலர், வலியைவிட யாரும் தங்களை நம்பாததையே பெரிய துயரமாகச் சொல்லியிருக்கிறார்கள்.

இந்த நோயின் பெயரே மூட்டிலிருந்துதான் பிறந்தது. 1952-53-ல் இன்றைய தான்சானியாவின் தெற்கே உள்ள மகோண்டே பீடபூமியில் இது பரவியபோது, வலியில் வளைந்து முடங்கிப்போவதைக் குறிக்கும் மகோண்டே மொழிச் சொல்லையே அங்குள்ள மக்கள் நோய்க்கு வைத்தார்கள். நம் நாட்டில் 1963-ல் கல்கத்தாவிலும் 1964-ல் சென்னையிலும் பரவியது. பிறகு நீண்ட காலம் பெரிய அளவில் தலைகாட்டாமல் இருந்து, 2005-ன் இறுதியில் திரும்பி வந்தது. 2006-ல் மட்டும் நாடு முழுவதும் ஏறத்தாழ 13.9 இலட்சம் பேருக்கு இந்நோய் இருக்கலாம் என்று அரசுக் கணக்கில் பதிவானது. வீடுதோறும் ஒருவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்த அந்த ஆண்டைத் தமிழ்நாட்டில் நடுத்தர வயதைக் கடந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

கொசு கடித்ததும் உள்ளே போகும் வைரஸ், தோல், தசை, மூட்டின் உட்சவ்வு ஆகியவற்றிலுள்ள செல்களில் பெருகுகிறது. முதல் ஐந்து முதல் ஏழு நாட்கள் வரை இரத்தத்திலும் ஏராளமாக இருக்கும். பிறகு உடலின் எதிர்ப்பு ஆற்றல் அதை இரத்தத்திலிருந்து நீக்கிவிடுகிறது, காய்ச்சலும் இறங்குகிறது. ஆனால் அந்தப் போராட்டத்துக்காக மூட்டுக்குள் திரண்டு வந்த வெள்ளணுக்கள் உடனே கலைந்து போய்விடுவதில்லை. அவை இன்டர்லூக்கின்-6 போன்ற வேதிப் பொருள்களைச் சுரந்துகொண்டே இருக்கும்வரை சவ்வு வீங்கியே இருக்கும். இரவு முழுவதும் அசையாமல் கிடந்த மூட்டில் நீர் தேங்குவதால் விடியற்காலையில் விரல் மடங்காது. தாங்கள் எழுதியுள்ள அந்த இரண்டு மணி நேரம், மூட்டில் அழற்சி இருப்பதற்கு மருத்துவர்கள் தேடிக் கேட்கும் அடையாளம். வெறும் தேய்மானத்தால் வரும் வலியில் காலை இறுக்கம் பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் தளர்ந்துவிடும்.

அப்பாவுக்கு ஏன் இல்லை என்ற கேள்விக்கு வருகிறேன். இந்தியப் பெருங்கடலில் உள்ள ரீயூனியன் தீவில் 2005-06-ல் மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர், ஏறத்தாழ 2,66,000 பேர், சிக்குன்குனியாவால் பாதிக்கப்பட்டார்கள். (நம் ஊர்களிலிருந்து கரும்புத் தோட்டக் கூலிகளாகப் போனவர்களின் வழித்தோன்றல்கள் அங்கே பெருந்தொகையாக வாழ்கிறார்கள், அவர்களும் இதில் தப்பவில்லை.) அவ்வாறு பாதிக்கப்பட்ட 147 பேரைப் பதினைந்து மாதங்களுக்குப் பின் விசாரித்தபோது, பாதிக்கும் மேற்பட்டோர் இன்னும் மூட்டு வலி இருப்பதாகவே சொன்னார்கள். 45 வயதைக் கடந்தவர்கள், முதல் வாரத்திலேயே மூட்டு வலி கடுமையாக இருந்தவர்கள், முன்பே மூட்டுத் தேய்மானம் உள்ளவர்கள் ஆகியோருக்கே வலி அதிகம் நீடித்தது. ஆண்களைவிடப் பெண்களுக்கு நீடிப்பதும் பல நாடுகளில் காணப்பட்டிருக்கிறது. தங்கள் தாயாருக்கு வயது 56. முப்பது ஆண்டுகளாக ஒரே இரண்டு விரல்களால் நாரை இறுக்கி வந்திருக்கிறார். கட்டைவிரலின் அடிமூட்டு காய்ச்சலுக்கு முன்பே தேய்ந்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு. ஒரே கொசு கடித்திருந்தாலும், அது கடித்த உடல்கள் இரண்டும் ஒன்றல்ல.

மூன்று மாதத்தைக் கடந்த வலியை நாள்பட்ட நிலை என்று கொள்வது வழக்கம். ஆகவே தாயாரை மூட்டு நோய் நிபுணரிடம் காட்ட வேண்டிய கட்டம் இது. முடக்குவாதமும் ஏறக்குறைய இதே உருவத்தில் வரும் என்பதால், அதைப் பிரித்தறிய உதவும் சி.சி.பி. எதிர்ப்புப் புரதம் என்னும் இரத்தப் பரிசோதனையைச் செய்து பார்ப்பது நல்லது.

பதில் 2: வைரஸ் ஆய்வு மாணவர்

வைரஸ் இன்னும் இருக்கிறதா என்று சகோதரி கேட்டது, ஆய்வாளர்களுக்குள்ளேயே இன்னும் முடிவுக்கு வராத கேள்வி. மருத்துவர் ஐயா சொன்னதோடு இதையும் சேர்த்துப் படித்தால் நன்றாக இருக்கும் என்று எழுதுகிறேன்.

ரீயூனியனில் நாள்பட்ட வலியோடு இருந்த ஒரு நோயாளியின் மூட்டுச் சவ்விலிருந்து, நோய் வந்து 18 மாதங்களுக்குப் பின் திசு எடுத்துப் பார்த்தார்கள். அங்கிருந்த மாக்ரோஃபேஜ் என்னும் துப்புரவுச் செல்களுக்குள் வைரஸின் மரபுப் பொருளான ஆர்.என்.ஏ.வும் அதன் புரதமும் தென்பட்டன. 2010-ல் வெளிவந்த இந்த முடிவைப் பார்த்தவர்கள், மூட்டுக்குள் ஒளிந்திருக்கும் வைரஸ்தான் வலிக்குக் காரணம் என்று எண்ணினார்கள். ஆனால் 2018-ல் வெளிவந்த கொலம்பியா ஆய்வு வேறு விதமாக முடிந்தது. நோய் வந்து ஏறத்தாழ 22 மாதங்கள் ஆன 38 பேரின் மூட்டு நீரைச் சோதித்தபோது ஒருவரிடம்கூட வைரஸின் ஆர்.என்.ஏ. கிடைக்கவில்லை, வளர்த்துப் பார்த்தபோது வைரஸும் முளைக்கவில்லை.

இரண்டும் ஒன்றுக்கொன்று முரண் என்று நான் நினைக்கவில்லை. ஒன்று சவ்வின் திசு, மற்றொன்று மூட்டு நீர். திசுவில் இருப்பது நீரில் மிதந்து வரவேண்டும் என்ற கட்டாயமில்லை. எலிகளில் செய்த ஆய்வுகளில், வைரஸ் தாக்கியும் சாகாமல் தப்பிய தோல், தசைச் செல்கள் சில, அதன் ஆர்.என்.ஏ.வை மாதக்கணக்கில் தமக்குள் வைத்திருப்பது தெரியவந்தது. அந்த ஆர்.என்.ஏ. முழு வைரஸாக எழுந்து இன்னொருவருக்குப் பரவுவதில்லை. ஆனால் உடலின் காவல் அமைப்பு அதை எதிரியாகவே கருதி அழற்சியைத் தொடர்ந்து மூட்டிக்கொண்டிருக்கக்கூடும். அறுவடை முடிந்த வயலில் வைக்கோல் உள்ளுக்குள் புகைவதைப்போல என்று இதை எங்கள் பேராசிரியர் விளக்குவார். வெளியே தீ தெரியாது, கை வைத்தால் சுடும்.

ஆர்.என்.ஏ. மிச்சமே இல்லாமல், காவல் அமைப்பு தானாகவே அடங்காமல் போவதும் நடக்கலாம். ஒரு நோயாளியிடம் ஒன்றும் இன்னொருவரிடம் மற்றொன்றும் காரணமாக இருக்கலாம் என்பதே என் கருத்து. ஒரே மருந்து எல்லோருக்கும் பலன் தராமல் போவதற்கும் இது ஒரு காரணமாக இருக்கும்.

மனம்தான் காரணம் என்ற பேச்சுக்கும் ஒரு பதில் உண்டு. ஆஸ்திரேலியாவில் டப்போ என்னும் ஊரைச் சுற்றிய பகுதியில், சுரப்பிக் காய்ச்சல், ராஸ் ரிவர் வைரஸ் காய்ச்சல், கியூ காய்ச்சல் ஆகிய மூன்றில் ஒன்று வந்த 253 பேரை முதல் நாட்களிலிருந்தே தொடர்ந்து கவனித்தார்கள். இவற்றில் ராஸ் ரிவர் வைரஸ், சிக்குன்குனியாவின் நெருங்கிய உறவு. கியூ காய்ச்சல் வைரஸால் வருவதே அல்ல, பாக்டீரியாவால் வருவது. ஆறு மாதம் கழித்தும் ஏறத்தாழ 12 விழுக்காட்டினர் களைப்பு, மூட்டு வலி, கவனக் குறைவு ஆகியவற்றால் முடங்கியிருந்தார்கள். மூன்று நோய்களுக்கும் இந்தப் பங்கு ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. யாருக்கு நீடிக்கும் என்பதை அவர்களுடைய வயதோ, படிப்போ, மனநிலையோ காட்டவில்லை. தொடக்க நோய் எவ்வளவு கடுமையாக இருந்தது என்பதே காட்டியது. 2006-ல் இது வெளிவந்தது. கொரோனாவுக்குப் பின் உலகம் முழுவதும் இலட்சக்கணக்கானோர் அதையே சொன்ன பிறகுதான் பலர் நம்பத் தொடங்கினார்கள் என்பது எனக்கு வருத்தம் தருகிறது.

பதில் 3: ஓய்வு பெற்ற ஆசிரியர்

மகளே, நான் 2006-ல் இந்த வலியை அனுபவித்தவன். அப்போது எனக்கு 49 வயது. கரும்பலகையில் கையை உயர்த்தி எழுத முடியாமல், ஒரு பருவம் முழுவதும் மாணவர்களில் கையெழுத்து நன்றாக உள்ள ஒருவனை எழுதச் சொல்லிப் பாடம் நடத்தினேன். சுண்ணக்கட்டி விரலிலிருந்து தானாக நழுவி விழும். காலையில் கட்டிலிலிருந்து இறங்கிக் குதிகாலைத் தரையில் வைக்கும் அந்த முதல் அடியை நினைத்தே இரவில் தூக்கம் வராது.

எனக்கு முழுமையாகக் குணமாகப் பதினான்கு மாதங்கள் ஆயின. நேர்க்கோட்டில் குறையவில்லை. பத்து நாள் நன்றாக இருக்கும். ஒரு நாள் வீட்டில் அரிசி மூட்டையை நகர்த்தினால் மறுநாள் காலை பழைய இடத்துக்கே வந்துவிடும். நோய் மறுபடியும் வந்துவிட்டது என்று ஒவ்வொரு முறையும் பயந்தேன். பிறகுதான், இரண்டு நல்ல காலங்களுக்கு இடையே உள்ள கெட்ட நாட்களின் எண்ணிக்கை குறைந்துகொண்டே வருவதைக் காலண்டரில் குறித்துவைத்துக் கண்டுபிடித்தேன். உன் அம்மாவுக்கும் அப்படிக் குறித்து வை.

இன்னொன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். வலி தாங்காமல் நான் ஒரு மருந்துக்கடையில் சீட்டு இல்லாமல் பொட்டலமாகக் கொடுத்த மாத்திரைகளை மூன்று மாதம் விழுங்கினேன். முதல் நாளே வலி பறந்தது. முகம் உப்பியது, சர்க்கரை ஏறியது, நிறுத்தினால் எழவே முடியவில்லை. அதில் ஸ்டீராய்டு இருந்தது என்று பிறகு காட்டிய மருத்துவர் சொன்னார். அதை மெல்ல மெல்லக் குறைத்து வெளியே வருவதற்கே நான்கு மாதங்கள் பிடித்தன. தெருவில் யாராவது அத்தகைய பொட்டலத்தைச் சிபாரிசு செய்தால் வாங்கவே வாங்காதே.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மிக்க நன்றி. ஆசிரியர் ஐயா எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். குதிகாலைத் தரையில் வைக்கும் இடம் வந்தபோது, அப்படியேதான் என்று சொல்லிவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தார்.

மூட்டு நோய் நிபுணரிடம் அழைத்துப் போனோம். சி.சி.பி. பரிசோதனையில் ஒன்றும் இல்லை என்று வந்தது. ஆனால் சிக்குன்குனியாவுக்கான ஐ.ஜி.எம். என்னும் இரத்தப் பரிசோதனை இன்னும் பாசிட்டிவ் என்று காட்டுகிறது. அதைப் பார்த்ததிலிருந்து, நோய் இன்னும் இரத்தத்தில் இருக்கிறது, குழந்தைகளைப் பக்கத்தில் விடாதே என்று அத்தை சொல்கிறார். மேலும், இரவில் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் ஆகிய மூன்றும் மரத்துப்போய் அம்மா விழித்துக்கொள்கிறார். இதுவும் அதே நோய்தானா? அம்மா மலேரியா மாத்திரை என்று ஒன்றைப் பற்றியும் யாரிடமோ கேட்டு வந்திருக்கிறார்.

பதில் 4: பொதுநல மருத்துவர்

சி.சி.பி. இல்லை என்று வந்தது ஆறுதலான செய்தி. ஐ.ஜி.எம். என்பது வைரஸ் அன்று. அதற்கு எதிராக உடல் தயாரித்த புரதம். சிலருக்கு அது பல மாதங்கள் இரத்தத்தில் இருப்பதுண்டு. வைரஸே இரத்தத்தில் இருந்தால்தான் கொசு கடித்து இன்னொருவருக்குக் கொண்டு செல்ல முடியும்; அந்த நாட்கள் ஐப்பசியிலேயே முடிந்துவிட்டன. தாயாரின் பக்கத்தில் உட்காருவதாலோ, அவர் கையால் சாப்பிடுவதாலோ யாருக்கும் எதுவும் வராது. பேரக் குழந்தைகள் தாராளமாக அவர் மடியில் இருக்கலாம். அத்தையிடம் இதைத் தயவுசெய்து இன்றே சொல்லுங்கள்.

மூன்று விரல்கள் மட்டும் இரவில் மரத்துப்போவது, மணிக்கட்டின் குறுகிய பாதை வழியாகச் செல்லும் நரம்பு அழுந்துவதன் அறிகுறி. தசைநாண்களைச் சுற்றியுள்ள உறை வீங்கும்போது அந்தப் பாதையில் இடம் போதாமல் நரம்பு நெருக்கப்படுகிறது. சிக்குன்குனியாவுக்குப் பின் இது வருவது அபூர்வமன்று. மணிக்கட்டு மடங்காமல் நேராக நிறுத்தும் கட்டுப்பட்டையை இரவில் அணிந்தால் பலருக்கு இரண்டு மூன்று வாரங்களில் குறையும். குறையாமல், கட்டைவிரலின் அடிச் சதை மெலிந்தாலோ, கையிலிருந்து பொருள் நழுவினாலோ காத்திருக்க வேண்டாம். நிபுணரிடம் உடனே சொல்லுங்கள். நரம்பை நீண்ட காலம் அழுந்தவிட்டால் உணர்வு முழுவதும் திரும்பாமல் போகலாம்.

மலேரியா மாத்திரை என்று அவர் கேள்விப்பட்டது குளோரோகுயினாக இருக்கும். ரீயூனியனில் 2006-ல் காய்ச்சல் நாட்களிலேயே அதைக் கொடுத்துச் சோதித்தார்கள். நோய் சீக்கிரம் குறையவில்லை என்பதோடு, 200 நாட்கள் கழித்துக் கேட்டபோது மாத்திரை சாப்பிட்டவர்களே கூடுதலாக மூட்டு வலியைச் சொன்னார்கள். அதன் உறவான ஹைட்ராக்சிகுளோரோகுயினையும், வலி பிடிவாதமாக நீடித்தால் அழற்சியை அடக்கும் மெத்தோட்ரெக்சேட் என்னும் மருந்தையும் நிபுணர்கள் தருவதுண்டு. இவற்றில் எது, எவ்வளவு என்பதை கண், கல்லீரல், இரத்த அணுக்கள் ஆகியவற்றைச் சோதித்துப் பார்த்தே அவர்கள் முடிவு செய்வார்கள். அதுவரை பாராசிட்டமாலும், காலையில் வெந்நீரில் கையை அமிழ்த்தி மெல்ல மடக்கி நீட்டுவதும் போதும். மற்ற வலி நிவாரணிகளை இரத்த அழுத்தம், சிறுநீரகம், வயிற்றுப்புண் பற்றிக் கேட்காமல் யாரும் கொடுத்தால் வாங்க வேண்டாம்.

வேலையைப் பற்றியும் ஒரு சொல். முழுவதும் நிறுத்தினால் மூட்டு மேலும் இறுகும். பழைய அளவுக்குக் கட்டினால் மறுநாள் வீங்கும். காலை இறுக்கம் தளர்ந்த பிறகு, கால் மணி நேரம் கட்டுவதும் கால் மணி நேரம் கையை மடியில் வைத்திருப்பதுமாகத் தொடங்கச் சொல்லுங்கள். மறுநாள் காலை இறுக்கம் கூடியிருந்தால் அளவைக் குறையுங்கள். கூடவில்லையென்றால் ஒரு வாரம் கழித்து ஒரு முழம் சேர்க்கலாம். நாரை முன்னிரவே நன்றாக ஊறவைத்தால் இறுக்குவதற்கு விரலில் வலு குறைவாகத் தேவைப்படும் என்று என்னிடம் வந்த ஒரு பூக்காரம்மா சொன்னார்; அதை நான் அவரிடமிருந்துதான் கற்றுக்கொண்டேன்.

கேள்வி கேட்டவர்

ஐந்து வாரங்கள் கழித்து எழுதுகிறேன். கட்டுப்பட்டை அணிந்த மூன்றாம் வாரத்திலிருந்து அம்மா இரவில் விழிப்பதில்லை. நிபுணர் கொடுத்த மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறார். காலை இறுக்கம் இரண்டு மணி நேரத்திலிருந்து ஏறக்குறைய முக்கால் மணி நேரத்துக்கு இறங்கியிருக்கிறது. இடையில் ஒரு கல்யாண வேலைக்காக அதிகம் கட்டியதில் நான்கு நாள் மறுபடியும் படுத்தார். ஆசிரியர் ஐயா சொன்னபடி காலண்டரில் குறித்து வருகிறேன். கெட்ட நாட்கள் முதல் மாதத்தில் பதினேழு, இந்த மாதம் இதுவரை ஆறு.

மனதைத் திடமாக வைத்துக்கொள்ளச் சொன்ன பேச்சை உறவினர்கள் இப்போது எடுப்பதில்லை. அப்பாதான் முன்னிரவில் நாரைக் கிழித்து ஊறவைக்கிறார். நேற்று அம்மா பதினான்கு முழம் கட்டினார். வளையலைப் போட்டுப் பார்க்கலாமா என்று கேட்டேன். இன்னும் கொஞ்சம் பொறு என்றார்.